நெல் ரகத்தை விவரிக்கும்போது எது வகைப் பண்பு, எது அளவுப் பண்பு: முதன்முறை பதிவேடு எழுதுவோருக்கு

பாரம்பரிய நெல் ரகத்தைப் பதிவு செய்ய விரும்பும் உழவர் குழுக்களும், ரக விவரிப்பைப் படிப்புக்காகச் செய்யும் வேளாண் மாணவர்களும் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அட்டவணையில் 1, 3, 5, 7, 9 என்று எண்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் எண் என்று நினைத்துக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்துவிடுவார்கள். ஒரு சாகுபடிப் பட்டத்து உழைப்பு அங்கேயே வீணாகிவிடும். வயலில் இறங்குவதற்கு முன்பே இந்தப் பிரிப்பை முடித்துவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

கல்லூரியில் குவாலிடேட்டிவ், குவாண்டிடேட்டிவ் என்பார்கள். தமிழ்ப் பாடநூல்களில் பண்புசார், அளவுசார் என்று வரும். இங்கே எளிமைக்காக வகைப் பண்பு, அளவுப் பண்பு என்றே எழுதுகிறேன். இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. அதற்கு இரண்டுங்கெட்டான் என்ற பெயரே பொருத்தம்.

1. முதலில் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இந்தியாவில் ரகப் பதிவு, பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001இன் கீழ் நடக்கிறது. அதை நடத்தும் ஆணையம் பயிர்வாரியாகச் சோதனை வழிகாட்டிகளை வெளியிட்டிருக்கிறது. தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைத்தன்மை ஆகிய மூன்றையும் பார்ப்பதால் அதை டியுஎஸ் வழிகாட்டி என்பார்கள். நெல்லுக்கான வழிகாட்டியில் 62 பண்புகள் உள்ளன. ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்செடுங்கள், கைபேசியில் பார்த்துக்கொண்டே வரப்பில் நின்று எழுத முடியாது.

அதோடு பயிர் ரகப் பாதுகாப்புக்கான யுபோவ் என்ற பன்னாட்டு அமைப்பின் நெல் வழிகாட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா அதில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் நம் வழிகாட்டியின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்ததுதான். ஒரு பண்பு வகையா, அளவா, இரண்டுங்கெட்டானா என்பதை யுபோவ் கியூஎல், கியூஎன், பிகியூ என்று வரிக்கு வரி குறித்துவிடும். நம் நெல் அட்டவணையில் அந்தக் குறியீட்டுக்குத் தனிப் பத்தி கிடையாது. அச்செடுத்த தாளின் ஓரத்தில் பென்சிலால் நீங்களே குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் அட்டவணையில் விடாமல் பார்க்க வேண்டிய கடைசி இரண்டு பத்திகள்: எந்தப் பருவத்தில் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும். எம்ஜி என்றால் செடிக் கூட்டத்துக்கு மொத்தமாக ஒரே அளவீடு. எம்எஸ் என்றால் செடி செடியாக அளவீடு. விஜி, விஎஸ் இரண்டும் கண்ணால் பார்ப்பது. முன்னது கூட்டமாக, பின்னது தனித்தனியாக. எம் என்று தொடங்கினால் அது பெரும்பாலும் அளவுப் பண்பு (அரிசி வடிவம் போன்ற விலக்குகள் உண்டு, 7ஆம் பகுதியில் வரும்). ஆனால் வி என்று தொடங்குவதெல்லாம் வகைப் பண்பு அல்ல. முதல் பொறி இதுதான். இலைப் பச்சையின் அடர்த்தியைக் கண்ணால்தான் பார்க்கிறோம், ஆனாலும் அது அளவுப் பண்பு.

உழவர் ரகமாகப் பதிவதென்றால் விண்ணப்பத்தோடு சான்றொப்பம் வேண்டும். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமோ மாவட்ட வேளாண் அலுவலரிடமோ அதை வாங்கலாம். சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி உழவருக்கும் உழவர் குழுவுக்கும் கிராமச் சமூகத்துக்கும் கட்டண விலக்கு உண்டு. பதிவுக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2. ஒவ்வொரு பண்பிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்

முதல் கேள்வி: நடுவில் இடைவெளி இருக்கிறதா? பல ரகங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரே தாவலாகப் போகிறதா, அல்லது கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறதா? இலைக்காது (இலையும் இலையுறையும் சேரும் இடத்தில் காது போல் நிற்கும் சிறு உறுப்பு) உள்ள நெல், இலைக்காது இல்லாத நெல்: நடுவில் எதுவும் இல்லை. அது வகைப் பண்பு. தண்டின் நீளம் 90 சென்டிமீட்டரிலிருந்து 160 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அது அளவுப் பண்பு.

இரண்டாவது கேள்வி: உரமும் தண்ணீரும் வெயிலும் மாறினால் இதுவும் மாறுமா? வகைப் பண்பு பெரும்பாலும் அசையாது. யூரியாவை ஒரு கை கூடுதலாக வீசினால் இலைக்காது முளைத்துவிடாது, ஆனால் இலை கரும்பச்சையாகிவிடும்.

மூன்றாவது: எல்லா நிலைகளையும் ஒரே கோட்டில் குறைவிலிருந்து கூடுதலாக அடுக்க முடியுமா? முடிந்தால் அளவு. அடுக்க முடியாமல், ஆனால் நடுவில் தெளிவான இடைவெளியும் இல்லாமல் இருந்தால் இரண்டுங்கெட்டான். வடிவமும் நிறமும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பண்பின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பள்ளியில் மெண்டலின் பட்டாணியில் நெட்டை, குட்டை என்று படித்த நினைவில் பலர் உயரம் வகைப் பண்பு என்று எழுதுகிறார்கள். மெண்டல் எடுத்த பட்டாணியில் நெட்டை ஆறேழு அடி, குட்டை ஒன்றரை அடிக்குள். நடுவில் எதுவும் இல்லாததால் அங்கே அது வகை. நெல் ரகங்களை மொத்தமாக எடுத்தால் குள்ள ரகத்திலிருந்து மிக நெட்டையான காட்டுயானம் வரை இடைவெளியே இல்லாமல் உயரங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. குட்டைத்தன்மைக்கு ஒரே மரபணு பெரும் காரணமாக இருந்தாலும், பதிவேட்டில் உயரம் அளவுப் பண்புதான்.

3. எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். அட்டவணையில் உள்ள எண் வெறும் குறியீடு. அளவுப் பண்பில் மட்டும்தான் அதற்கு வரிசை என்ற பொருள் உண்டு.

உமி நீக்கிய அரிசியின் நிறத்துக்கு 1 முதல் 9 வரை எண் உண்டு. வெள்ளை 1, இளம்பழுப்பு 2, இளஞ்சிவப்பு 5, சிவப்பு 6, அடர் ஊதா 9. ஒன்பது படி உள்ள ஏணி மாதிரியே தெரியும், ஆனால் ஏணி இல்லை. ஒரு மாதிரியில் பாதி வெள்ளையும் பாதி கறுப்புக் கவுனி போன்ற அடர் ஊதாவும் கலந்திருந்தால் சராசரி 5 வரும், அதாவது இளஞ்சிவப்பு! அப்படி ஓர் அரிசி அந்தப் பையிலேயே இருக்காது.

இல்லை 1, உண்டு 9 என்று வரும் பண்புகளில் இன்னொரு நுணுக்கம். நிலையின் பெயர் வெறும் "இல்லை" என்றிருந்தால் அது வகைப் பண்பாக இருக்க வாய்ப்பு அதிகம். "இல்லை அல்லது மிகக் குறைவு" என்றிருந்தால் அது அளவுப் பண்பு. அந்த "மிகக் குறைவு" என்ற ஒட்டே நடுவில் இடைவெளி இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது.

சில பண்புகள் இரண்டு வரியாகப் பிரிந்து வரும். இலையில் ஊதாச் சாயம் உண்டா, இல்லையா என்பது ஒரு வரி. உண்டென்றால் நுனியிலா, ஓரத்திலா, திட்டுத் திட்டாகவா, இலை முழுக்கவா என்பது அடுத்த வரி. முதல் வரியில் இல்லை என்று எழுதினால் அடுத்த வரியில் 0 போடாதீர்கள், 1-ம் போடாதீர்கள். கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். அங்கே 1 என்பதற்கு நுனியில் மட்டும் என்று பொருள். இல்லாத சாயத்தை நீங்களே பூசியது போலாகிவிடும்.

எண்ணிக்கையும் குழப்பும். செடிக்கு எத்தனை கதிர் என்பது முழு எண்ணாகத்தான் வரும், 12.4 கதிர் எந்தச் செடியிலும் இல்லை. அதனால் இதை வகைப் பண்பு என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணிக் கிடைப்பதும் அளவுதான். 11க்குக் கீழ் குறைவு, 11 முதல் 20 வரை நடுத்தரம், 20க்கு மேல் அதிகம். இந்தப் பிரிவுகள் வசதிக்காக மனிதர் வெட்டியவை. செடிக்கு அவை தெரியாது.

4. சாமான்கள், செலவு

தேவையானது கொஞ்சம்தான். டிஜிட்டல் வெர்னியர் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஆயிரம் ரூபாய் அளவில். ஸ்டீல் டேப், பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, கிராஃப் தாள், மழைக்கு அழியாத பேனா, செடியில் கட்டும் அட்டைகள் எல்லாம் சேர்த்து ஒரு 500. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு புட்டி சில நூறு ரூபாய். அயோடின் கரைசலும் அப்படித்தான். ஊருக்கு ஊர் விலை மாறும், ஆனாலும் மொத்தம் நான்காயிரத்தைத் தாண்டக் கூடாது. அமைலோஸ் (மாவுச்சத்தின் ஒரு கூறு) போன்ற ஆய்வுகளைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். கட்டணத்தையும் எத்தனை கிராம் அரிசி வேண்டும் என்பதையும் விதைப்புக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

நிறத்தைப் பதிய விலையுயர்ந்த வண்ண அட்டைப் புத்தகம் வாங்கச் சொல்வார்கள். நெல்லுக்கு அது தேவையில்லை. வழிகாட்டியில் ஒவ்வொரு நிலைக்கும் எடுத்துக்காட்டு ரகம் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு மூன்றைப் பக்கத்துப் பாத்தியில் நட்டுவைப்பதுதான் சரியான வண்ண அட்டை.

5. எந்தப் பண்பை எப்போது பார்ப்பது

பட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் முடிவு. மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய சம்பா ரகங்கள் பகல் குறைவதைக் கண்டு கதிர் தள்ளுபவை. ஆடியில் விதைத்தாலும் புரட்டாசியில் விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் கதிர் வரும். ஆகவே விதைத்த நாளிலிருந்து எண்ணினால் ஒரே ரகத்துக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ வித்தியாசம் காட்டும். 111 முதல் 130 நாள் பின்பருவம், 130க்கு மேல் மிகப் பின்பருவம் என்ற பிரிவுகளில் ரகம் இங்கும் அங்கும் தாவும். அதற்குரிய பட்டத்தில் விதையுங்கள், விதைத்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள்.

பிறகு வரிசையாக:

முளைக்கும்போது முளையுறையின் (முளைக்குருத்தை மூடியிருக்கும் உறை) நிறம். இது இரண்டு மூன்று நாள்தான் கண்ணில் படும். நாற்றங்காலில் தேடாதீர்கள், ஈரத்தாளில் தனியாக முளைக்க வைத்துப் பாருங்கள்.

தொண்டைக்கதிர்ப் பருவத்தில் (கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும்போது) அடி இலையுறையின் நிறம், இலைநாக்கு, இலைக்காது, இலைப்பரப்பின் சுணை, இலைப் பச்சை. இலையுறை காய்ந்துவிட்டால் ஊதாக்கோடு மங்கிவிடும், பச்சை என்று தவறாக எழுதிவிடுவோம். வெளியுறையை உரித்து உள்ளே இருக்கும் உயிருள்ள உறையைப் பாருங்கள்.

செடிகளில் பாதி கதிர் தள்ளும் நாள். தினமும் போய்ப் பார்க்க வேண்டிய ஒரே பண்பு இதுதான். வாரம் ஒருமுறை போனால் பிழை ஏழு நாள். இது எல்லைக்கோட்டு ரகத்தைப் பக்கத்துப் பிரிவுக்குத் தள்ளிவிடும்.

பூக்கும்போது சூல்முடியின் (பூவின் பெண்பகுதியின் நுனி) நிறம். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் கைவில்லையோடு போனால்தான் தெரியும். பிற்பகலில் போய்ப் பயனில்லை.

பால் பருவத்தில் தண்டு நீளம். முற்றியபின் கதிர் நீளம், கதிர் எண்ணிக்கை, மீசை (நெல்மணியின் நுனியில் நீளும் முள்). அறுத்துக் காயவைத்த பின் மணி அளவுகள். எல்லாம் சேர்த்து ஆகஸ்டில் தொடங்கினால் பிப்ரவரி ஆகிவிடும்.

6. அளவுப் பண்பை அளப்பது

மூன்று திடல், திடலுக்குப் பத்துச் செடி, மொத்தம் 30. வரப்போர வரிசைச் செடிகளைத் தொடாதீர்கள். வெயிலும் உரமும் கூடுதலாகக் கிடைத்து அவை பெருத்திருக்கும். நன்றாக இருக்கும் செடியாகப் பார்த்துக் கை போகும்; அதைத் தடுக்க, வரிசையில் ஐந்தாவது செடி, பத்தாவது செடி என்று முன்கூட்டியே முடிவு செய்து அட்டை கட்டிவிடுங்கள்.

தண்டு நீளம் என்பது மண்ணிலிருந்து கதிரின் கழுத்து வரைதான், கதிர் சேராது. உயரம் என்று நினைத்துக் கதிர் நுனி வரை அளப்பவர்களே அதிகம். 25 சென்டிமீட்டர் கதிரைச் சேர்த்தால் 105 சென்டிமீட்டர் தண்டு 130 ஆகும். குட்டை என்ற 3 நடுத்தரமான 5 ஆகிவிடும். சாய்ந்த செடியை நிமிர்த்தி அளவுகோலோடு சேர்த்துப் பிடித்து அளங்கள்.

ஆயிரம் மணி எடைக்கு நன்கு திரண்ட மணிகள் மட்டும். 200 மணிகளாக ஐந்து முறை எண்ணி நிறுத்தால் எண்ணும் பிழை உடனே தெரியும். ஐந்தில் ஒன்று மட்டும் விலகி நிற்கும். ஈரம் வற்றாத நெல்லை நிறுக்காதீர்கள். 21 முதல் 25 கிராம் வரை நடுத்தரம் என்று இருக்கும்போது ஈரம் ஒரு கிராமைக் கூட்டினாலே பிரிவு மாறலாம்.

மணியின் நீளத்துக்கு வெர்னியர் இல்லாவிட்டால், பத்து மணிகளை நுனியோடு நுனி சேர்த்து கிராஃப் தாளில் அடுக்கி மொத்த நீளத்தைப் பத்தால் வகுக்கலாம். மீசையுள்ள நெல்லில் மீசையைக் கிள்ளிவிட்டு அடுக்குங்கள்.

எந்த அளவானாலும் சென்டிமீட்டர், கிராம், நாள் என்று மூல எண்ணை எழுதுங்கள். வயலிலேயே 5, 7 என்று குறியீடாக மாற்றி எழுதாதீர்கள். மூல எண்ணிலிருந்து குறியீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், குறியீட்டிலிருந்து திரும்பி வர வழியே இல்லை.

7. இரண்டுங்கெட்டான்கள்

அரிசி வடிவம் இதற்கு நல்ல உதாரணம். அளப்பது நீளம், அகலம் என்ற இரண்டு அளவுகளை. ஆனால் கிடைக்கும் விடை ஒரு வகைப் பெயர். நீளம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே, நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.5 முதல் 3 வரை என்றால் நடுத்தரச் சன்னம். நீளம் 6க்கு மேல், வகுத்தது 3க்குக் கீழ் என்றால் நீளப் பருமன்.

5.8 நீளம், 2.1 அகலம்: வகுத்தால் 2.76, நடுத்தரச் சன்னம். 6.1 நீளம், அதே 2.1 அகலம்: 2.90, நீளப் பருமன். வெறும் 0.3 மில்லிமீட்டர் கூடியதற்குச் சன்னம் பருமனாகிவிட்டது! உண்மையில் இரண்டாவது அரிசிதான் இன்னும் ஒல்லி. ஆகவே வடிவத்தின் குறியீட்டோடு நீளத்தையும் அகலத்தையும் சேர்த்தே எழுதுங்கள். குறியீடு மட்டும் உள்ள பதிவேட்டைப் படிப்பவர் இரண்டும் வெவ்வேறு ரகம் என்றே முடிவு கட்டுவார்.

நிறங்களுக்குக் கணக்கு வேண்டாம். 30 செடியில் எத்தனை செடி எந்த நிலையில் என்று எண்ணி, அதிகம் வரும் நிலையை எழுதுங்கள். ஒரே நேரத்தில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

8. மணமும் ஒட்டும் தன்மையும்

மணம் உண்டா, இல்லையா என்பது வகைப் பண்பு. இரண்டு கிராம் பச்சை இலையை நறுக்கி, 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் 10 மில்லியில் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். 100 மில்லி தண்ணீருக்கு 1.7 கிராம். இந்தக் காரம் தோலை அரிக்கும். கையுறை போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள். சீரகச் சம்பா இலை ஒரு குப்பி, மணமே இல்லாத ரகம் ஒரு குப்பி ஒப்பிட வையுங்கள். எது எந்தக் குப்பி என்று தெரியாத மூன்று பேர் முகரட்டும். நாலைந்து குப்பிக்குமேல் மூக்கு மரத்துப்போகும், இடைவெளி விடுங்கள். மணம் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதை இதில் கலக்காதீர்கள். மணி முற்றும்போது இருந்த வெப்பத்தைப் பொறுத்து அது ஏறி இறங்கும்.

மாவுச்சத்தில் இரண்டு பண்பும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. ஒட்டரிசியா என்ற கேள்வி வகை: அரிசியை வெட்டி அயோடின் சொட்டினால் ஒட்டரிசி செம்பழுப்பாகும், மற்றது கருநீலமாகும். அமைலோஸ் எத்தனை சதவீதம் என்ற கேள்வி அளவு. ஒன்றின் விடையை மற்றதன் பத்தியில் எழுதாதீர்கள்.

9. கணக்குப் போடும்போது

அளவுப் பண்புக்குச் சராசரியும் திட்டவிலக்கமும். வகைக்கும் இரண்டுங்கெட்டானுக்கும் எண்ணிக்கை மட்டும். விரிதாளில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள். ஒரே பக்கத்தில் இருந்தால் சராசரிச் சூத்திரத்தைக் கடைசிப் பத்தி வரை இழுக்கத்தான் கை வரும்.

ஒத்த ரகத்திலிருந்து உங்கள் ரகம் வேறு என்று காட்ட, ஒரு வகைப் பண்பில் நிலை மாறினாலே போதும். அளவுப் பண்பில் அப்படி இல்லை. கண்ணால் பார்த்தவற்றில் பொதுவாக இரண்டு குறியீட்டு எண் தள்ளியிருக்க வேண்டும். அளந்தவற்றில் புள்ளியியல் சோதனையில் வேறுபாடு தேற வேண்டும். அதுவும் இரண்டு ரகமும் ஒரே வயலில், ஒரே பட்டத்தில் நின்றிருந்தால்தான் ஒப்பீடு செல்லும். தஞ்சாவூரில் அளந்த தண்டையும் வேறு யாரோ கோவையில் அளந்து அச்சிட்ட எண்ணையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்ட முடியாது.

வகைப் பண்பில் 30க்கு ஒரு செடி மாறி நின்றாலும் அதைச் சராசரியில் கரைக்க வழியில்லை, அது கலவன், அதாவது ரகத்தோடு சேராத கலப்புச் செடி. பதிவேட்டில் குறித்து, விதைக்கு எடுக்கும் பாத்தியிலிருந்து பிடுங்கிவிடுங்கள். தண்டு நீளத்தில் ஒரு செடி 8 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் அது கலவனா, நல்ல இடத்தில் நின்ற செடியா என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதன் இலையுறை நிறம், மீசை, அரிசி நிறம் மூன்றையும் பாருங்கள்.

10. அனுப்புவதற்கு முன்

62 வரியிலும் ஓரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சராசரி எழுதிய வரியெல்லாம் அளவுப் பண்புதானா என்று ஒரு முறை ஓட்டுங்கள். பிரிவின் எல்லைக்கு மிக அருகில் நிற்கும் எண்களை வட்டமிட்டு, நேரம் இருந்தால் மீண்டும் அளங்கள். அடி இலையுறை, கதிர், மீசை, நெல், உரித்த அரிசி ஆகியவற்றை அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். வயல் குறிப்பேட்டை அழகாகப் படி எடுத்துவிட்டு மூலத்தைத் தூக்கி எறியாதீர்கள். கேள்வி வந்தால் சேறு பட்ட அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். விதையிலும் ஒரு பங்கைக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.